முகத்தை மாற்றினால் போதுமா?

'எந்திரன்' (2010) படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குப் பதிலாக இன்னொருவர் நடித்திருந்தால் எப்படியிருக்கும் என்று நம் இலக்கிய நண்பர்கள் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். இப்படம் முன்பு கமல்ஹாசனுக்கெனத் திட்டமிடப்பட்டபோது பேசப்பட்ட நாயகி பிரீத்தி ஜிந்தா. அவரே நடித்திருந்தாலும் என்ன மாறியிருக்கும்?

நம் வீடுகளிலும் வழங்கும் பெயர் சனா. படத்தில் அவள் மருத்துவ மாணவி. பரீட்சையில் அவளுக்கு விடை சொல்லிக் கொடுப்பது ரோபோ. பின்னர் அதே ரோபோ அவளைக் கடத்துகிறது. விஞ்ஞானி வசீகரன் மீட்கிறார். '2.0' (2018) இல் எமி ஜாக்சன் வந்தார். அவருக்குக் கிடைத்ததோ விஞ்ஞானிக்கு உதவும் ரோபோ வேடம்!

பேராதனை மருத்துவ பீடம் 1962 இல் தொடங்கியது. நமது பெண் பிள்ளைகள் அங்கே இரவிரவாகப் படித்துத்தான் வைத்தியர்களாகிறார்கள். அக்பர் பாலத்தைக் கடந்தால் பொறியியல் பீடம். அங்கும் அவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு எந்த ரோபோவும் விடை சொல்வதில்லை.

நடிகையை விடுங்கள், வேடத்தை மாற்றிப் பாருங்கள். ரோபோவைப் படைத்தவள் சனா. வசீகரன் அவளுடைய காதலன், அவ்வளவுதான். இப்படி நினைக்கவே மனம் தயங்குகிறதென்றால் கோளாறு எழுதுகிறவனிடம் இருக்கிறது.

சங்கரை மட்டும் ஏசிப் பயனில்லை. நமது சிறுகதைகளில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்த பெண்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.