தன்னிறைவுக் கிராமம் என்னும் கற்பனை

நம் பழைய கிராமங்கள் தமக்கு வேண்டியதையெல்லாம் தாமே செய்துகொண்டு, வெளியுலகை அண்டாமல் வாழ்ந்தன என்ற நம்பிக்கை மேடைப் பேச்சுகளில் ஊறிப்போயிருக்கிறது. கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று 1830 இல் எழுதியவர் ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் மெட்காஃப். ஆள வந்தவரின் சொல்லை நம் பெருமையாக ஏற்றுக்கொண்டோம். வேடந்தாங்கல் போன்ற ஏரிப்பாசன ஊர் இதற்குச் சான்றாகவே தோன்றும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம். அப்பறவைகளைக் காக்க ஊராரே முறையிட்டு 1798 இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் ஆணை பெற்றார்கள். ஏரியும் வயலும் இருந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும்.

போதாது. அங்கே உப்பு விளையாது. கடலோர உப்பளங்களிலிருந்து வண்டி வந்தாக வேண்டும். அதே கடலோரத்தில், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில், 1970 இல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. உள்நாட்டுச் சரக்கு இல்லாத கரைக்கு அயல்நாட்டுச் சாடி எதற்கு வரும்? பல்லவர் காலத்தில் இந்தத் தொடர்பு இன்னும் ஆழமானது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயரால் அவனிநாரணம் எனப்பட்ட குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. நீர்நிலையை வெட்டிப் பொறுப்பானவர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் வணிகரோடு கடல் கடந்திருக்கிறது. ஊரின் உயிர் எனப்படும் ஏரியையே வணிகத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

தச்சரும் கொல்லரும் வண்ணாரும் அறுவடையில் பங்கு பெற்றதை, வேடந்தாங்கல் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையின் 18-ஆம் நூற்றாண்டுக் கணக்குகள் காட்டுகின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் களத்து நெல்லை ஊருக்குள் பங்கிட்டதால் ஊரின் வாசல் அடைபட்டுவிடவில்லை. அதே சீமையின் தறிகள் கடலை நம்பி ஓடின. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் மசாலாப் பொருள்களுக்கு மாற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி நம் நெசவாளரின் பிழைப்பில் கை வைத்தது. தனித்து நின்ற ஊராயிருந்தால் அது எப்படி நடந்திருக்கும்?

அப்படியானால் வணிகம்தானே கிராமத்தைக் கெடுத்தது என்ற வாதமும் எழும். அதை நான் ஏற்கவில்லை. டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர், ஆர்மீனியர், நம் செட்டிமார் என வாங்குவோர் பலர் இருந்தவரை நெசவாளரால் விலை பேச முடிந்தது. போட்டியாளர்களை ஒடுக்கிய ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, முன்பணத்தால் அவர்களைக் கட்டிப்போட்டுத் தன் விலைக்கே நெய்ய வைத்தபோது அந்தப் பேரம் போயிற்று. கெடுத்தது கடல்வழி அல்ல, அந்த வழியை ஒரே கை பிடித்துக்கொண்டதுதான்.