ஹாட் டப்: மொட்டை மாடியிலா, வீட்டுக்குப் பின்னாலா?

கேள்வி: தளி பக்கம் மூன்று ஏக்கரில் ராகியும் ரோஜாவும் வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். குளிருக்கு 'ஹாட் டப்' இருந்தால் இன்னும் நிறைய பேர் வருவார்கள் என்கிறார்கள். நான்கு பேர் உட்காரும் தொட்டியை மொட்டை மாடியில் வைத்தால் காடும் ஏரியும் தெரியும். வீடு கட்டி 30 வருடம் ஆகிறது. நகையை அடகு வைத்து வாங்கலாமா? எங்கே வைப்பது?

பதில்: மாடியில் வைக்க வேண்டாம். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் அப்பா படுக்கும் அறை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எடையிலிருந்து தொடங்குகிறேன்.

நான்கு பேர் உட்காரும் தொட்டி சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியின் எடை 250 கிலோ, நான்கு பேர் 280 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,700 கிலோவைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 35 சிமெண்ட் மூட்டை. இது ஆறரை அடிக்கு ஆறரை அடி இடத்தில் உட்காரும்போது சதுர மீட்டருக்கு 430 கிலோவுக்கு மேல் பாரம் விழும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதிகள் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வீட்டு அறைகளுக்கே 200தான். 30 வருடத்துக்கு முன்னால் யார் கம்பி கட்டினார், எத்தனை கம்பி போட்டார் என்று இன்று யாருக்கும் தெரியாது. காங்கிரீட் இடிந்து விழுவதற்கு முன் சில சமயம் விரிசல் காட்டும், சில சமயம் காட்டாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து, தூணும் உத்தரமும் தனியாகக் கொடுத்தால் மாடியிலும் வைக்கலாம்தான். ஆனால் அந்தச் செலவு தொட்டியின் விலையையே தாண்டிவிடலாம்.

தரையில் எந்த இடம்? நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்களில் 'ஹண்டே' என்ற செப்பு அண்டாவை அடுப்போடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது வீட்டின் பின்பக்கம், தாழ்வான மூலையில் இருக்கும். விறகு கொண்டுவர வசதி, புகை வீட்டுக்குள் வராது, குளித்த தண்ணீர் தானாக வாழைக்குப் போய்விடும். நீங்களும் அந்த மூலையிலிருந்தே யோசிக்கத் தொடங்குங்கள். ஏரி தெரியாது. ஏரியை விருந்தினர் காலையில் காபி குடிக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

அடித்தளம் கெட்டியான மண்ணாக இருக்க வேண்டும். மண் கொட்டி நிரப்பிய இடம் ஒரு மழைக்காலத்துக்குள் ஒரு பக்கமாக இறங்கும். தொட்டி சாய்ந்தால் குழாய் இணைப்புகள் விட்டுப்போகும். களிமண் கலந்த இடமும் வேண்டாம், அது வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். செம்மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, மேலே ஆறு அங்குலம் கம்பி கட்டிய காங்கிரீட் போடுங்கள். மாமரத்தடி வேண்டாம்: பூவும் இலையும் பிசினும் வடிகட்டியை அடைக்கும். தென்னை மரத்தடி எதற்கு ஆகாது என்று சொல்லத் தேவையில்லை.

காற்றையும் பார்க்க வேண்டும். தொட்டியின் சூடு பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகத்தான் போகிறது. காற்று அடித்தால் இன்னும் வேகமாகப் போகும். களத்தில் ராகி தூற்றுபவருக்கு அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அத்துப்படி. அந்தப் பக்கம் வீட்டுச் சுவரோ, ஆள் உயரத் தட்டியோ இருக்கட்டும். மூடி கட்டாயம் வேண்டும். சூட்டைக் காப்பதற்கு மட்டும் இல்லை. திறந்து கிடக்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்கு நாற்றங்கால். அதைவிட முக்கியம், சின்னக் குழந்தைகள். பூட்டக்கூடிய மூடியாகப் பாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் ராகி முற்றும் சமயத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. ராகிக் காட்டு ஓரத்தில் தொட்டியை வைத்து, இரவு பத்து மணிக்கு வெளியூர் ஆட்களை அதில் உட்கார வைப்பது ஆபத்து. யானைக்குத் தண்ணீர் வாசனை தூரத்திலேயே தெரியும். வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் வயல் இருக்கக் கூடாது. பின்வாசலிலிருந்து பத்தடிக்குள் இருக்கட்டும், நல்ல வெளிச்சம் இருக்கட்டும்.

இனி வைக்கக் கூடாத இடம். 1999இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. நம் ஓசூர் ரோஜா விவசாயிகள் பார்க்க ஆசைப்படுகிற மாதிரிக் கண்காட்சி. அங்கே விற்பனைக்காக ஒரு குமிழித் தொட்டியைச் சூடாக ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அதில் யாரும் குளிக்கக்கூட இல்லை. அருகில் நடந்து போனவர்கள் அந்த நீர்த்திவலையைச் சுவாசித்தார்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் நுரையீரல் காய்ச்சல் வந்து குறைந்தது 32 பேர் இறந்தார்கள். 25 முதல் 45 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீர்தான் அந்தக் கிருமிக்குப் பிடித்தது. ஹாட் டப்பின் சூடும் அதுவேதான். எனவே சமையலறை ஜன்னல், சாப்பிடும் திண்ணை, மூடிய அறை இவற்றை ஒட்டி நீர் பீய்ச்சும் தொட்டி கூடாது. குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் குறையாமல், பி.எச். 7.0 முதல் 7.8க்குள் இருக்கிறதா என்று சோதனைத் தாளில் தினமும் பார்க்க வேண்டும். பால் கறக்கும் வேளையில் இதற்கும் நேரம் ஒதுக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் விஷயம். 1,200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர 25 யூனிட் ஆகும். சூடு குறையாமல் வைத்திருப்பது தனி. பம்ப்செட் இலவச இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன்படி கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். வாடகைக்கு விடும் அறைகளுக்கு எந்த இணைப்பு பொருந்தும் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்த வேண்டும். சுவிட்ச் எதுவும் தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டக் கூடாது.

நகையை அடகு வைப்பது பற்றி என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஜப்பானில் வீட்டுக்கு வீடு ஊறுதொட்டி உண்டு. பெரும்பாலும் சாதாரண ஆழத் தொட்டி. வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அதில் இறங்குவார்கள். அதனால் தண்ணீர் அழுக்காகாது, ஒரே தண்ணீரில் குடும்பமே மாறி மாறி உட்காரும். 300 லிட்டர் பிடிக்கும் அப்படியொரு தொட்டியைக் கொத்தனாரை வைத்தே கட்டலாம், பீய்ச்சும் மோட்டார் தேவையில்லை. சோலார் ஹீட்டரின் 60 டிகிரி தண்ணீர் 150 லிட்டரோடு 20 டிகிரி தண்ணீர் 150 லிட்டர் கலந்தால் 40 டிகிரியில் 300 லிட்டர் கிடைத்துவிடும். மேகமூட்டமான நாளுக்கு விறகு பாய்லர். 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள் இறங்கக் கூடாது, குடித்தவர்களும் இறங்கக் கூடாது. இதை எழுதி மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றிவிடுவதால் மருந்துக் கணக்கும் இல்லை. ஒகேனக்கல் குடிநீரை இதில் நிரப்பாதீர்கள். அது ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடிப்பவர்களுக்காக வந்த திட்டம். ஊறிக் குளிக்க போர் தண்ணீரே போதும்.

வடியும் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். சொட்டுநீரில் ஒரு வாழைக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றால் 300 லிட்டர் 15 வாழைக்கு ஆகும். பெரிய தொட்டி வாங்கி குளோரின் போடுவதாக இருந்தால், அந்தத் தண்ணீரைத் திறந்த பள்ளத்தில் இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டுத்தான் பாய்ச்ச வேண்டும். உப்பு போட்டு இயங்கும் வகைத் தொட்டியின் தண்ணீர் ரோஜாவுக்கு அறவே ஆகாது. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் 50 அடியாவது தள்ளி வடியட்டும்.

எதுவும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நினைத்திருக்கும் இடத்தில் கோலமாவால் தொட்டி அளவுக்குக் கட்டம் போடுங்கள். ஒரு 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீரை அங்கே கொட்டி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே இடத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். காற்று, வெளிச்சம், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் அப்போதுதான் தெரியும். பார்த்ததை ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் படத்தோடு அனுப்புங்கள். வடிகால் எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று அடுத்து எழுதுகிறேன்.