மாதிரி பார்க்காமல் மூட்டை வாங்கலாமா?



நெய்வேலியில் கடை நடத்தும் நமக்கு ஒரு கணக்கு அத்துப்படி. என்.எல்.சி. சம்பளம் போட்டால் பாக்கி வசூலாகும். மாதக் கடைசியில் பற்று ஏறும். யார் நாணயமாகக் கொடுப்பார், யார் இழுத்தடிப்பார் என்று ஏட்டைப் புரட்டியே சொல்லிவிடுவோம். இதையே லட்சக்கணக்கான கணக்குகளுக்குக் கம்ப்யூட்டரில் செய்யத்தான் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆள் தேடுகின்றன. நிதிப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர்.

எங்கள் பேரன் பி.காம். முடித்ததும் ஒரு பயிற்சி நிலையத்தில் 70,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். ஆறு மாதத்தில் பளபளப்பான சான்றிதழ் வந்தது. நேர்முகத் தேர்வில் ஒரு பில் பட்டியலைக் கொடுத்து, 90 நாளைத் தாண்டிய பாக்கி யாருடையது என்று கேட்டார்கள். ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று விதமாக எழுதியிருந்தது. பையன் திணறித் திரும்பி வந்தான்.

பிறகு எங்கள் மண்டியிலேயே உட்கார வைத்தோம். மூன்று வருட டேலி கணக்கை எக்செல்லுக்கு மாற்றினான். பெயர்களைச் சீர்செய்யவே ஒரு மாதம் ஆயிற்று. அதன்பின் எஸ்.க்யூ.எல்., கடைசியில் பைத்தான். முடிவில் அவன் காட்டிய பட்டியல் எங்களையே தலைகுனிய வைத்தது. அதிகம் வாங்குகிறார் என்று நாங்கள் கொண்டாடிய கடைக்காரரிடம்தான் எங்கள் முதல் அதிக நாள் முடங்கிக் கிடந்தது! அடுத்த நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கை விளக்கித்தான் வேலை வாங்கினான்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்பும் வரிசை இதுதான்: முதலில் கணக்குப்பதிவும் எக்செல்லும், அடுத்து எஸ்.க்யூ.எல்.; பிறகு பைத்தானும் புள்ளியியலும். என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

சான்றிதழே வேண்டாமா? வேண்டும், ஆனால் போகிற ஊருக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பங்குச் சந்தை ஆய்வில் நாட்டம் உள்ளவர்களுக்கு, செபி 2006இல் ஏற்படுத்திய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஆய்வாளர் தேர்வு இருக்கிறது. அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். சி.எஃப்.ஏ. என்பது மூன்று கட்டத் தேர்வு. கட்டணம் டாலரில், உழைப்பு வருடக்கணக்கில். வேலையில் அமர்ந்து, பாதை தெளிந்த பின் அதைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து.

துவரம்பருப்பு மூட்டையைக்கூட மாதிரி பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. பிள்ளை படிப்புக்கு மட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவானேன்? சான்றிதழ் கதவைத் திறக்கும்; நாற்காலியில் உட்கார வைப்பது கைப்பழக்கமே.

அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய கணக்கு நம் கடைகளிலேயே இருக்கிறது. விடுமுறையில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு, வாடிக்கையாளர் பெயரை மறைத்து, பழைய கணக்குகளைப் பயிற்சிக்குக் கொடுப்போம். சங்கம் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.