வீட்டுக்கடன் சூடு ஆறும் முன்பே இன்னொரு கடன்

வீட்டுக்கடனின் முதல் தவணை பிடிக்கப்பட்ட சில வாரங்களிலேயே பலருக்கும் அந்த அழைப்பு வந்துவிடுகிறது. “சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் பெர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா இருக்கு. டாக்குமெண்ட் எதுவும் வேண்டாம்.” அழைக்கப்படுபவருக்கும் அப்போது பணமுடைதான். பத்திரச் செலவுக்கு வாங்கிய கைமாற்று நிற்கிறது; ஜன்னலுக்கு கிரில் போட வேண்டும்; சமையலறையில் ஒரு அலமாரிகூட இல்லை. சரி என்கிறார். அன்றே பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. புதிதாக வீட்டுக்கடன் வாங்கியவரைத் தேடிப்பிடித்துத் தனிநபர் கடனை விற்கும் இந்த வழக்கத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட வேண்டும்.

வீட்டு விலை முழுவதையும் வங்கிகள் கடனாகத் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. மீதியை வாங்குபவர் தன் சேமிப்பிலிருந்து போட வேண்டும். தவணை கட்டும் தெம்பு அவருக்கு உண்டா என்பதற்கு அந்தச் சேமிப்பே சான்று. அந்தப் பங்கையும் கடனாகவே வாங்கிப் போட்டால், விதி காகிதத்தில் மட்டுமே மிஞ்சும்.

50 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீட்டை வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். வங்கி 40 லட்சம் தரும். கையிலிருந்து 10 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் நாலரை லட்சம். இந்தச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. பி.எஃப். பணமும் மனைவியின் நகையும் போன பிறகு விழும் துண்டைத்தான் தனிநபர் கடன் அடைக்கிறது.

அதன் விலை என்ன? எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 40 லட்சம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு 5 லட்சம் என்றால் இன்னும் 11,600. கைக்கு வரும் சம்பளம் 75,000 என்றால், அதில் 46 சதவீதமாக இருந்த தவணைச் சுமை ஒரே தொலைபேசி அழைப்பில் 62 சதவீதத்தைத் தொடுகிறது. பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், பெற்றோரின் மருந்து எல்லாம் மிச்சமுள்ள 28,700-க்குள் அடங்க வேண்டும். ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலும் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியதுதான். வீட்டுக்கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். ஐந்து லட்சத்துக்காக ஐம்பது லட்ச ரூபாய் வீடு ஏலத்துக்குப் போகும் வழி இதுதான்.

கடன் வாங்குவது அவரவர் விருப்பம், வங்கி என்ன செய்யும் என்று கேட்கலாம். மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்குக் கடன் கேட்டு வருபவரைத் தடுக்கச் சொல்லவில்லை. கேட்காதவரின் கையில் திணிப்பதைத்தான் எதிர்க்கிறோம். கடன் விவரங்களை 15 நாளுக்கு ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, வீட்டுக்கடன் இருப்பது தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. பிணையில்லாத நுகர்வோர் கடன்களின் ஆபத்தை உணர்ந்துதான், 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அவற்றின் இடர் மதிப்பை (கடனுக்கு ஈடாக வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனத்தைத் தீர்மானிக்கும் அளவு) 100-இலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அது வங்கியின் மூலதனத்துக்குக் காவல். கடன் வாங்கும் குடும்பத்துக்குக் காவல் எங்கே?

ரிசர்வ் வங்கி கொண்டுவர வேண்டிய விதி இதுதான்: வீட்டுக்கடன் தந்த ஓராண்டுக்கு, அந்த வாடிக்கையாளரிடம் தனிநபர் கடனை வலியச் சென்று விற்கக் கூடாது. அவரே கேட்டாலும், அவசரச் செலவுகள் நீங்கலாக, எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் வாங்குபவருக்கு வங்கி தர வேண்டிய, 2024 அக்டோபர் முதல் கட்டாயமாகியுள்ள முக்கிய விவர அறிக்கையில் புதிய கடனின் தவணை மட்டுமல்லாமல், மொத்தத் தவணைச் சுமையும் இருக்க வேண்டும். மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. ஆனால் அது 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு மட்டும். சென்னையிலோ கோவையிலோ அந்த விலைக்கு எந்த வீடு கிடைக்கிறது? வரம்பை உயர்த்த வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு கடனும் உள்ளவர்கள், போனஸ் வந்தால் வட்டி அதிகமுள்ள தனிநபர் கடனை முதலில் அடைத்துவிடுங்கள்; முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு அந்த அழைப்பு வந்தால், வேண்டாம் என்று சொல்லிப் போனை வையுங்கள். சமையலறை அலமாரி இரண்டு வருடம் கழித்து வரட்டும்.