ஆளைக் காட்டுக! அவன் மொழியில் சொல்லுக!

ஒருவனைப் பிடித்தடைத்த அரசை நோக்கி, "அவனை எம்முன் கொணர்க; அடைத்த கரணியம் கூறுக" என முறைமன்றம் பணிப்பதே ஆட்கொணர்வு ஆணை. அரசியற் சட்டத்தின் 226ஆம் பிரிவு உயர்முறைமன்றங்களுக்கும், 32ஆம் பிரிவு உச்சமுறைமன்றத்திற்கும் இவ்வதிகாரத்தை வழங்குகின்றன.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஒன்பது உயர்முறைமன்றங்கள் சிறைப்பட்டோர் முறையீட்டுக்குச் செவிசாய்த்தன. 1976 ஏப்பிரலில் உச்சமுறைமன்றம் அக்கதவை அடைத்தது. ஐவருள் மறுத்துரைத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அத்தீர்ப்புப் பிழையென அம்மன்றமே ஒப்ப 2017 வரை ஆயிற்று! மேலிருப்பதனாலேயே ஒரு மன்றம் உரிமைக் காவலாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்று கதவு திறந்தே உள்ளது. ஆனால், அமிர்திக் காட்டையும் சவ்வாது மலையையும் சார்ந்து வாழும் ஏழைக்கு அது திறந்துள்ளதா? செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்ட நம் மலைமக்கள் பலர் ஆந்திரச் சிறைகளில் வாடினர். 2015 ஏப்பிரல் 7-இல் சேசாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழருள் திருவண்ணாமலை மாவட்டத்தார் பலர். மரம் வெட்டுதல் குற்றமெனின் வழக்காடி ஒறுக்கட்டும். குற்றவாளியை விட்டுவிடுக என்கின்றோம் அல்லேம். ஆந்திரச் சிறையிலுள்ளவனுக்காக அவன் மனைவி எந்த மன்றத்தின் படியேறுவாள்? எம்மொழியில் முறையிடுவாள்?

தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு அதன் கரணியத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. ஆங்கிலம் அறியாதவனுக்கு ஆங்கிலத் தாளை நீட்டுவது தெரிவித்தல் ஆகாதென 1962-இலேயே உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. சிறையாளி ஒருவர் எழுதிய மடலையே முறையீடாக ஏற்று 1979-இல் தீர்ப்புரைத்ததும் அம்மன்றமே. நல்ல நெறிகள் ஏட்டில் உள, அவை மலையேறவில்லை.

இந்திக்கு இராசத்தான், பீகார் முதலிய உயர்முறைமன்றங்களில் இடமுண்டு. சென்னையில் தமிழுக்கு இடங்கேட்டுச் சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானமோ தில்லியின் இசைவைப் பெறவில்லை.

எனவே கேட்கின்றோம்: எம்மாநிலச் சிறையாயினும் தமிழனுக்குக் காவற் கரணியம் தமிழில் எழுதித் தரப்படுக! மலையூர்தோறும் இலவசச் சட்ட உதவி சென்று சேர்க! சென்னை உயர்முறைமன்றில் தமிழ் ஒலிக்க!

தமிழர்களே! பிறர்க்கு வந்த சிறையென வாளாவிருத்தல் அறமன்று. உங்கள் ஊரில் ஒருவன் காணாமற் போயின், அவனுக்காக முதல் மடலை நீங்கள் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.