வெள்ளிக்காசு: எடையா, முகமா?

ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று வெதுருகுப்பத்தில் தங்கிய பிறகு, பழங்காசுகளைப் பற்றிப் படிப்பது என் பொழுதுபோக்காகிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு பழைய உறுத்தல். பணியில் இருந்தபோது ஓரிடத்தில் மண் வெட்டிய கூலியாட்களுக்குச் சிறு கலயம் ஒன்று கிடைத்தது. நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்த வெள்ளிக்காசுகள் தட்டார் கடையில் உருகிவிட்டன. எந்த அரசன் காசோ, யாருக்கும் தெரியாமலே போயிற்று. நானும் யாருக்கும் எழுதித் தெரிவிக்கவில்லை.

கோயம்புத்தூர் அருகே வெள்ளலூரில் 1842-இல் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் வெளியிட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு கிராம். தமிழகத்தில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசு ஒன்றில், ஒரு பக்கம் அவர் தலை; மறுபக்கம் அவருடைய வாரிசுகளான பேரன்மார் காயுஸும் லூசியுஸும் கேடயம், ஈட்டியுடன் நிற்பார்கள். எனக்குப் பின்னும் என் குடும்பமே ஆளும் என்ற அறிவிப்பு அது! ஆனால் லூசியுஸ் கி.பி. 2-லும் காயுஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். காசு மட்டும் மிளகு வாங்கக் கடல் கடந்து வந்தது.

நம்மவர்கள் அந்த முகத்தை மதித்தார்களா? புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த ரோமானியத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேலேயே உளிவெட்டு இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உலோகம்தான். அன்றைய வியாபாரத்துக்கு அது சரி.

இன்று? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பையும், அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கும். அதாவது சட்டமும் எடையைத்தான் பார்க்கிறது! தட்டாரோ அன்றைக்கே கையில் பணம் தருகிறார். அன்றாடம் காய்ச்சியான கூலியாள் எங்கே போவான்?

ஆகவே, காசின் பழமைக்கு உரிய விலையைக் கண்டெடுத்தவருக்குத் தாமதமின்றிக் கொடுக்கும்படி அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. மண்வேலை ஒப்பந்தங்களிலும் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதுவரை சங்க அன்பர்கள் தத்தம் ஊரில் ஏர் ஓட்டுபவரிடமும் ஜேசிபி ஓட்டுபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டுகிறேன். நான் செய்யத் தவறியதை நீங்களாவது செய்யுங்கள். உருகிப்போன காசில் எந்த முகத்தையும் திரும்பப் பார்க்க முடியாது.