காவற்பொறியும் கணக்கேடும்

ஏவலாளன் எத்துணை விரைவுடையனாயினும், ஏவிய சொல் பிழைபடின் அவன் விரைவே கேடாய் முடியும். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகம் போன்ற இடங்களிலுள்ள ஆலைகள் இன்று கணினி வலையைச் சார்ந்து இயங்குகின்றன. அவ்வலையைக் காக்கும் தானியங்கிப் பொறிகளைப்பற்றி யாம் சில கூறத் துணிந்தோம்.

இப்பொறிக்குப் ‘பிளேபுக்’ எனப்படும் செயன்முறை ஏடு ஒன்று எழுதி வைக்கப்படுகின்றது. ஐயத்துக்குரிய நிகழ்ச்சி தோன்றின், இன்ன பதிவைப் பார்க்க, இன்ன முகவரியை ஆராய்க, இன்ன கணினியை வலையினின்றும் பிரிக்க என அவ்வேடு வரிசையாய்ப் பணிக்கும். பொறி பிழைத்தவிடத்துப் பலர் பொறியையே பழிப்பர். எமது துணிபோ, அதற்கு ஊட்டப்பட்ட தரவையே முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சில கருவிகள் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். இந்திய நேரம் அதனின் 5½ மணி முந்தியது. கும்மிடிப்பூண்டியில் காலை 10 மணிக்கு நிகழ்ந்தது 4.30 எனப் பதிவாகும். அதனை இந்திய நேரமெனக் கொண்டு, கடந்த ஒரு மணி நேரப் பதிவுகளை மட்டும் தேடும் பொறி, குறையொன்றுமில்லை என முடித்துவிடும். பிழையென ஓர் எழுத்தும் தோன்றாது. நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துள் அறிவித்தல் வேண்டுமென்றும், பதிவுகளை 180 நாள் பேணுதல் வேண்டுமென்றும் செர்ட்-இன் நிறுவனம் 2022 ஏப்ரல் 28இல் பணித்தது. அறியாத நிகழ்ச்சியை அறிவிப்பது யாங்ஙனம்? ஆதலின், ஒவ்வொரு படியிலும் பெற்றதும் தந்ததும் எழுதப்படல் வேண்டும். வெறுமையான தரவு வந்தவிடத்துப் பொறி மேற்செல்லாது நிற்றல் வேண்டும்.

இனி, அலுவலகக் கணினியைப் பிரித்தல் எளிது. உலையை நடத்தும் கணினியைத் திடீரெனப் பிரித்தலோ தொழிலாளர் உயிருக்கே இடராகலாம். ஆண்டு மனிதன் ஒருவனது இசைவின்றிப் பொறி செயற்படல் தகாது.

ஏடு செவ்விதாயினும் மெய்யுரைப்பார் இல்லையேற் பயனின்று. கூடங்குளம் அணுமின் நிலையத்து நிருவாகக் கணினியொன்றில் தீநிரல் புகுந்ததைச் செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4இல் கண்டு தெரிவித்தது. உலையை இயக்கும் வலை தனித்திருந்தமை நன்றாயிற்று. ஆயினும், அக்டோபர் 29இல் நிலையத்தார் அதனைப் பொய்ச்செய்தி என்றனர்; மறுநாளே இந்திய அணுமின் கழகம் மெய்யென ஒப்புக்கொண்டது. தீநிரலினும் அம்மறுப்பே மக்கள் நம்பிக்கையை மிகுதியுங் குலைத்தது என்போம்.

மற்றொன்றும் உளது. பதிவுகளில் தொழிலாளியின் பெயரும், தொலைபேசி எண்ணும், வந்துபோன நேரமும் அடங்கும். பழுது பார்க்கும் பொருட்டு அவற்றை முழுமையாய்ப் புறத்தார்க்கு அனுப்புதல், களவைத் தடுக்கப்போய் வீட்டுத் திறவுகோலைத் தெருவில் வைத்தலோடொக்கும். வேண்டுவன மட்டும் கொடுத்துப் பெயரை மறைத்தலே முறை. 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டமை இக்கடமையை வலியுறுத்தும்.

ஆலைத் தலைவர்கள் பொறி வாங்கச் செலவிடும் பொருளோடு, அதன் ஏட்டை நாடோறும் படிக்கும் ஆளுக்கும் பொருளீவாராக. காவல் பொறியினது, பொறுப்பு நம்முடையதன்றோ?